கட்டுப் பிரிக்கும் கை

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்து, அந்த அளவுக்குக் குரல் கூடியிருக்கிறது. உன் சுகம்தான் எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் போன வாரம் தன் அண்ணனிடம் போனில் ஏதோ சொன்னாராம். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வாயே திறப்பதில்லையாம். கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டுகிறாயாம். என் வீட்டுக்காரர் அதை என்னிடம் எப்படிச் சொன்னார் தெரியுமா? "சத்தமில்லாத வீடு. தம்பி கொடுத்து வெச்சவன்" என்றார். அவருக்கு அன்று காபி கொடுக்கவில்லை.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஓரகத்திகள் என்றால் சண்டைக்காரிகள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம் இருவரும் அடுப்பங்கரையில் பேசிய பேச்சில்தான் அந்த வீட்டில் காலம் தள்ளினோம். பேசாமல் இருக்கிற ஆளா நீ?

போனில் கேட்டிருப்பேன். ஆனால் நான் போனை எடுத்தால் அத்தை டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். அதனால் என் தையல் கடை முகவரிக்கு எழுது. இங்கே என்னைத் தவிர யாரும் பிரிக்க மாட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அவரும் சுகம். அத்தைக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள், கடிதம் வந்ததைச் சொல்லாமல்.

அவர் சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுப்புதான். போன வருடக் கடைசியில் என்னைத் தீக்காய வார்டுக்கு மாற்றினார்கள். அங்கே வேலை கொஞ்சம் அதிகம்.

உங்களைச் சிரிக்க வைக்க ஒரு சங்கதி இருக்கிறது. வார்டுக்கு இன்னும் ஆட்கள் வேண்டும் என்று நாங்கள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்த மாதம் கலர் பென்சில் வந்தது. ஊழியர்களின் மன அழுத்தம் குறைய புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் கலைப் பயிற்சியாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும் என்று கீழே ஒரு வரி. காரணம் யோசிப்பதைவிடப் போய்விடுவதே மேல் என்று போனேன்.

எங்கள் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே. தரை துடைக்கிற அம்மா ஒருவர், பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டே வந்தார். அதனால் அவரை வாளியம்மா என்கிறோம். ஸ்டிரெச்சர் தள்ளுகிறவர் ஒருவர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். பயிற்சி டாக்டர் ஒரு பையன், நின்றபடியே தூங்குவான். நடத்துகிறவர் நாடகக்காரப் பெண்மணி. நாங்கள் டீச்சர் என்கிறோம், அவருக்கு அது பிடிக்கவில்லை.

எழுதாத கையால் இன்றைய நாளை வரையச் சொன்னார். வாளியம்மா பெரிதாக ஒரு வட்டம் போட்டு, "இதுதான் என் இடுப்பு, இங்கதான் வலி" என்றார். டாக்டர் தலையணை வரைந்தான். நான் ஒரு சதுரம் போட்டேன். ஜன்னலா, கதவா என்று டீச்சர் கேட்டார். கட்டில் என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். நல்ல மனுஷி.

வேறு விசேஷம் இல்லை. உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கச்சி


மார்ச் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் கடையும் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஒரு மிஷின் மட்டும் நின்று நின்று ஓடுகிறது, நம் வீட்டு அண்ணன் தம்பி இருவரையும் போல.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு மறுபடி படித்தேன். வாளியம்மாவின் இடுப்பு இருக்கிறது, டாக்டரின் தூக்கம் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் 'அலுப்புதான்' என்று ஒற்றைச் சொல். எனக்கு அந்தச் சொல்லைத் தெரியும். கல்யாணமான புதிதில் அத்தையோடு சண்டை வந்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேனே, அப்போது என் அம்மாவுக்கு நான் எழுதியதும் அதே சொல்தான்.

கட்டில் மட்டும் வரைந்தாயே, அதில் ஆள் இல்லையா?

சொல்ல மனமில்லை என்றால் வேண்டாம். ஆனால் புதன்கிழமை போ. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், அதுவே லாபம்.

உன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு லேசாக ஜலதோஷம், சரியாகிவிட்டது.

நீங்கள் சொன்னபடி போய்க்கொண்டிருந்தேன். ஒரு வாரம் களிமண் கொடுத்தார்கள். ஸ்டிரெச்சர்காரர் தன் கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குருவி செய்தார். அவ்வளவு பெரிய கையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்னொரு வாரம் எல்லோரும் கண்ணை மூடி, வாயையும் மூடி, அவரவருக்கு வந்த ஒலியை முனகினோம். முதலில் கொசுக்கூட்டம் மாதிரி இருந்தது. போகப் போக எல்லாம் ஒரே ஒலியாகிவிட்டது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அது எனக்குப் பிடித்தது.

போன புதன் வேறு மாதிரி. ஒரு நாளில் உங்கள் கை அதிகம் செய்கிற அசைவு எது, அதைக் கையில் பொருள் எதுவும் இல்லாமல் செய்து காட்டுங்கள், மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்யட்டும் என்றார் டீச்சர். வாளியம்மா துடைத்தார், எல்லோரும் துடைத்தோம். ஸ்டிரெச்சர்காரர் தள்ளினார், தள்ளினோம். டாக்டர் கையெழுத்துப் போட்டான். என் முறை வந்தது. நான் கட்டுப் பிரிக்கிற மாதிரி செய்தேன். சுற்றுச் சுற்றாக, மெதுவாக. எல்லோரும் என்னைப் பார்த்துப் பிரித்தார்கள்.

அன்று கொஞ்சம் சீக்கிரம் கிளம்பிவிட்டேன், வேலை இருந்தது.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். ஒரே ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடுகிறேன்.

என்ன வேலை?

உன் அக்கா


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. இன்று விடுமுறை, அவர் வெளியே போயிருக்கிறார். எழுதிவிடுகிறேன்.

வேலை ஒன்றும் இல்லை. ஓடினேன். துணிகள் அடுக்கி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எங்கள் வார்டில் நர்ஸ் வேலை என்றால் பெரும்பாலும் அதுதான் அக்கா. கட்டைப் பிரிப்பது, புண்ணைக் கழுவுவது, பழைய தோலை எடுப்பது, மருந்து வைத்து மறுபடி கட்டுவது. வலிக்கு ஊசி போட்டுவிட்டுத்தான் தொடுவோம். ஆனாலும் வலிக்கும். மற்ற வார்டுகளில் நர்ஸ் வந்தால் நோயாளிக்குத் தெம்பு வரும். இங்கே என் நடைச் சத்தம் கேட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள். பெரிய பெரிய ஆம்பிளைகள் என்னைப் பார்த்து அழுகிறார்கள். நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரிந்து என்ன?

பிரிக்கும்போது வாய் தானாக ஒன்றைச் சொல்லும். "இதோ முடிஞ்சிடுச்சு, இதோ முடிஞ்சிடுச்சு." பாதிகூட முடிந்திருக்காது. எல்லா நர்ஸும் சொல்வதுதான். பிப்ரவரிக்கு முன்னால், அடுப்பில் காயம்பட்டு வந்த ஒரு அம்மா இருந்தார். கத்தவே மாட்டார். ஒரு நாள் என் கையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "முடிஞ்சிடுச்சுன்னு சொல்லாதம்மா. முடியலைன்னு எனக்குத் தெரியுது. நீ அப்படிச் சொல்றப்போ இந்த ரூம்ல நான் மட்டும் தனியா இருக்கிற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அன்று வீட்டுக்கு வந்தேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்டில் வருகிற அதே குரல் வந்தது. மூடிக்கொண்டேன். அவரிடம் பொய் சொல்லவும் முடியவில்லை, நிஜத்தைச் சொல்லி அவர் தட்டில் வைக்கவும் மனசு வரவில்லை. அப்படியே பழகிவிட்டது.

அந்தப் புதன்கிழமை அத்தனை பேரும் என் அசைவைச் செய்தார்கள் இல்லையா? அத்தனை கைகளும் என்னைப் பார்த்து வந்தன. மென்மையாகத்தான் செய்தார்கள். கட்டிலில் படுத்திருப்பவருக்கு நான் எப்படித் தெரிவேன் என்று அன்றுதான் பார்த்தேன்.

வாளியம்மா பின்னாலேயே வந்து கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்து, தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தையும் துடைத்துவிட்டார்.

வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ.

உங்கள் தங்கச்சி


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? உங்களிடமிருந்து கடிதம் இல்லை. அப்படியெல்லாம் எழுதி உங்கள் மனசைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கோபமா? உங்கள் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டதற்கு, நீங்கள் கடையில் மும்முரமாக இருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது இருமினார். அவர் பொய் சொல்லும்போதுதான் இருமுவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

ஒரு வரி போடுங்கள், போதும்.

உங்கள் தங்கச்சி


ஜூன் 19

தங்கச்சிக்கு,

சுகம். கோபம் இல்லை. பள்ளிக்கூடச் சீருடை வேலை குவிந்துவிட்டது. கை ஒழியவில்லை.

உன் கடிதத்தைப் பல முறை படித்தேன். யோசித்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று. நீ எழுதியது என் மனசைக் கெடுக்கவில்லை. மறுபடி போனாயா?

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமில்லை. எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், உங்கள் எழுத்து எப்போதும் நேர்த்தையல் போட்ட மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தில் வரிகள் எல்லாம் மலையேறுகின்றன. என்ன ஆச்சு உங்கள் கைக்கு? இருமாமல் பதில் சொல்லுங்கள்.

மறுபடி போனேன். நானாகப் போகவில்லை. வாளியம்மா வார்டு வாசலில் வந்து நின்றார். "நீ இல்லாம என் பக்கத்துல அந்தத் தூங்குமூஞ்சி நிக்குது. கால மிதிச்சுட்டு, மிதிச்சதுகூடத் தெரியாம தூங்குது. வந்து உன் இடத்துல நில்லு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

டீச்சர் நான் ஓடியதைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைத்தார். ஒருவர் கையை அசைக்க வேண்டும், மற்றவர் கண்ணாடி மாதிரி அதையே செய்ய வேண்டும். எனக்கு ஸ்டிரெச்சர்காரர். அவர் கை அவ்வளவு மெதுவாகப் போனது. அவர் நிறுத்தினால் நான் நிறுத்தினேன். எந்தப் பக்கம் போவது என்று நான் முடிவு பண்ண வேண்டியதில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு தோள் இறங்கியது. பிறகு முறை மாற்றினார்கள். நான் அசைக்க, அவர் பின்னால் வந்தார். இம்மி பிசகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது, இருவரும் ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டோம்.

அதை நினைத்துக்கொண்டே வார்டுக்குப் போனேன். எங்களிடம் ஒரு ரொட்டிக்கடைக்காரர் இருக்கிறார். அடுப்பு வெடித்து மார்பும் வலது கையும் வெந்தவர். இடது கை நன்றாக இருக்கிறது. அவரிடம் சொன்னேன்: "அந்தக் கையைத் தூக்கினா நான் நிறுத்திடுவேன். இறக்கினாத்தான் மறுபடி தொடுவேன்." அவர் நம்பவில்லை. நான் தொடும் முன்னாலேயே தூக்கினார். நின்றேன். இறக்கினார், தொட்டேன், உடனே தூக்கினார். நின்றேன். இப்படியே சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றார்.

கத்தினார் அக்கா. வலி குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. நானும் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. இன்னும் பாதி இருக்கு என்றால் பாதி இருக்கு என்றே சொன்னேன்.

நேரம் ஆகிவிட்டது. தலைமை நர்ஸ் வந்து, "இது வார்டா, நாடகக் கொட்டகையா?" என்று கேட்டார். மற்ற கட்டில்கள் காத்திருக்கின்றன, அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் என் வாய் திறந்துகொண்டது. "ஆள் கொடுங்க சிஸ்டர். அதைத்தான் முதல்லேர்ந்து கேக்குறோம். எங்களைப் படம் வரையச் சொல்லிட்டு, இவரை மட்டும் அவசரமா பிரிக்கச் சொன்னா எப்படி?" வார்டே கேட்டது. அவர் திரும்பி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மறுநாள் என் பங்கில் ஒரு கட்டில் குறைந்திருந்தது. அது யார் தலையில் போய் விழுந்தது என்று தெரியவில்லை. அந்த உறுத்தல் இருக்கிறது.

உங்கள் கையைப் பற்றி உடனே எழுதுங்கள். இல்லாவிட்டால் வண்டி பிடித்து வந்துவிடுவேன்.

உங்கள் தங்கச்சி


ஜூலை 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

வண்டி பிடிக்க வேண்டாம். இப்போது சுகம், நிஜமாகவே. இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதுகிறேன், பார், வரி நேராகப் போகிறது.

உன் பெரிய கடிதம் வந்த இரண்டாம் நாள், கடையில் நீராவி இஸ்திரிப் பெட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டது. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது. நீ அப்படி எழுதியிருக்கிறாய், அதை மேஜையில் வைத்துக்கொண்டு நான் எப்படி உனக்கு இதை எழுதுவேன்? வீட்டில் எல்லோரையும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். என் வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை பின்னிவிட்டார். கிணற்றுக் கயிறு தோற்றது.

கட்டு மாற்ற இங்கே பக்கத்து மருத்துவமனைக்குப் போனேன். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று பொய் சொல்லப் போவதில்லை. அவளை வெறுத்தேன். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் வாயில் என்னென்ன வந்தது என்று கேட்காதே, அத்தையே வெளியே எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் தன் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் வரவில்லை. வேறொருத்தி வந்தாள், மளமளவென்று முடித்தாள், சொல்லப்போனால் வலியும் கம்மிதான். ஆனால் யார் கையையோ கட்டுகிற மாதிரி கட்டினாள். மறுநாள் கண்ணாடிக்காரி வந்ததும், "நேத்து எங்கே போனே?" என்று சண்டைக்குப் போனேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, அவளுக்குக் காய்ச்சல். நான் திட்டிய திட்டை எல்லாம் அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று அதுவரை யோசித்ததே இல்லை. கேட்டேன். "வீட்ல பாத்திரம் தேய்க்கிறப்போ நல்லா சத்தமா தேய்ப்பேன்" என்றாள்.

உன்னைப் பார்த்து அழுகிறவர்கள் உன்னைத் தேடவும் செய்வார்கள். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கும். எனக்குள் இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வேலையை விடுவதோ இருப்பதோ உன் முடிவு. ஆனால் தம்பிக்குத் தெரியாமல் முடிவு பண்ணாதே. அவர் தட்டில் வைக்க மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். காலித் தட்டை எத்தனை நாளைக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்?

உடம்பைப் பார்த்துக்கொள். என் கை இப்போது அரிக்கிறது.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். தீக்காய வார்டில் ஒரு ஓரகத்தியை வைத்துக்கொண்டு அதை மறைக்கிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அரிப்பது ஆறுகிற அடையாளம். சொறியாதீர்கள். புதுத் தோலில் வெயில் படாமல் மூடி வையுங்கள். அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

டீச்சருக்குக் கொடுத்த காலம் முடிந்துவிட்டது. கடைசி நாளன்று நிர்வாகத்திலிருந்து புகைப்படம் எடுக்க வந்தார்கள், நாங்கள் களிமண்ணோடு சிரிக்கிற மாதிரி வேண்டுமாம். வாளியம்மா முகம் காட்ட மாட்டேன் என்று திரும்பி உட்கார்ந்தார், நாங்களும் திரும்பிக்கொண்டோம். அவர்களுக்கு எங்கள் முதுகுதான் கிடைத்தது. இப்போது புதன்கிழமைகளில் சலவை அறையில் நாங்களே கூடுகிறோம். பல நாள் இரண்டு பேர்தான் வருவோம். மிஷின் சத்தத்தோடு சேர்ந்து முனகிவிட்டுப் போகிறோம். கூடுதல் ஆள் இன்னும் வரவில்லை. எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறோம். தலைமை நர்ஸின் கையெழுத்து முதலில் இருக்கிறது.

ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நன்றி சொல்லவில்லை. இடது கையைத் தூக்கிக் காட்டினார். அப்படியே நின்றேன். இறக்கிவிட்டுச் சிரித்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது அவரிடம் சொன்னேன். அந்த அம்மா சொன்னது, கட்டில், பொய், ஓடியது எல்லாவற்றையும். சோறு ஆறிவிட்டது. அவர் கையைக் கழுவாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"லிஃப்ட் நின்னு போச்சுன்னு கூப்பிடுவாங்க," என்றார். "ஓடிப் போய்க் கதவை நெம்பித் திறப்பேன். உள்ளே மாட்டிக்கிட்டவங்க முதல்ல திட்டுறது என்னைத்தான். போன மாசம் ஒரு பெரியவர் அறைஞ்சுட்டார். அறைஞ்சுட்டு என் தோள்லயே சாஞ்சு அழுதார்."

இத்தனை வருடமாக அவர் லிஃப்ட் வேலைக்குப் போகிறார் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ வந்து உக்கார்றப்போ உன் முகத்தைப் பாப்பேன். இதுக்கு மேல என்னதும் எதுக்குன்னு விட்டுடுவேன்" என்றார்.

அக்கா, நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் அதையே செய்துகொண்டிருந்திருக்கிறார்.

வேலையை இப்போதைக்கு விடவில்லை. இந்த வருடம் போகட்டும், பிறகு இருவரும் உட்கார்ந்து யோசிப்போம் என்று பேசியிருக்கிறோம். இன்று காலையிலும் ஒருவர் என்னைப் பார்த்து அழுதார். சாயங்காலம் வந்து அதைச் சொன்னேன்.

அதைக் கேட்டுவிட்டு அவர் இன்னொரு கதை ஆரம்பித்தார். ஒரு பழைய கட்டடத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே கல்யாணக் கோஷ்டி ஒன்று மாட்டிக்கொண்டதாம், மாப்பிள்ளை உள்ளே, பெண் வெளியே. பாதியில் தூங்கிவிட்டார். இப்போது எழுந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறார். மீதியைக் கேட்கப் போகிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. கையை மூடி வையுங்கள்.

உங்கள் தங்கச்சி